ஒரு நாளைக்கு ஆறு லிட்டர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வருடம் யாரும் சாப்பிடவில்லை. அதன் மேல் ராஜஸ்தான் விரிந்து கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். சாம்பார் சிந்தினால் சோபாவில் சிந்தலாம், ஜெய்சால்மர் மேல் சிந்தக் கூடாது. இது அவர் போட்ட சட்டம்.

அவர் பெயர் நாகேஸ்வரன். திருவனந்தபுரத்தில் குடிநீர் சப்ளை ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருடமும் எங்கள் வீட்டுப் போன் அடித்தால் இரண்டே விஷயம்தான். ஒன்று, "சாரே, தண்ணி வரலை." இல்லாவிட்டால், "சாரே, பைப்பு பொட்டிப்போச்சு," அதாவது உடைந்துபோச்சு. எங்கள் பெண் விஷ்ணுப்ரியாவின் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் காபி குடித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷர் எங்கேயோ இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். சேறு காய்ந்த வேட்டியோடு வந்துதான் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, காபியைக் கையில் வாங்கிக்கொண்டே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்: "சூடா, தண்ணியே இல்லாத ஒரு ஊருக்குப் போகணும். அங்கே எந்தப் பைப்பும் பொட்டாது, கேட்டியோ."

நான் சிரித்தேன். அடுத்த வாரம் சார்ட் பேப்பர் வந்தது, கலர் பேனாக்கள் வந்தன, பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா தன் ஆபீசிலிருந்து பெரிய மேப்பாக அச்சடித்துக்கொண்டு வந்தாள். பிளான் இதுதான். ரயிலில் பீகானேர். அங்கிருந்து சைக்கிளில் ஜெய்சால்மர். முந்நூற்று முப்பது கிலோமீட்டர் பாலைவன ரோடு, ஏழு நாள். ரயிலில் போக வர நாலு நாள். ஆக மொத்தம் பதினோரு நாள், ஜனவரி மாதத்தில்.

அறுபத்தோரு வயதில் சைக்கிளா என்று அக்ரகாரத்தில் கேட்காத ஆள் இல்லை. எங்கள் வீடு கரமனை அக்ரகாரத் தெருவில் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டிலிருந்து நூறு வயசு என்பார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பழைய சைக்கிளைக் கொடுத்து, கியர் வைத்த ஒன்றை வாங்கினார். தினமும் காலையில் ஓட்டினார். மத்தியானம் மேஜைக்கு முன்னால் நின்று, எந்த ஊரில் கிணறு, எந்த ஊரில் கை பம்பு, எந்த இடத்தில் எண்பத்தைந்து கிலோமீட்டருக்குத் தங்க இடம் கிடையாது என்று குறித்தார். பதினாறு கோடுகள் போட்டு அட்டவணை. முதல் கோட்டுக்கு மேல் "தண்ணீர்" என்று நீல மசியில் எழுதியிருந்தது. வேறெதில் தப்பு விட்டாலும் இந்த மனுஷர் தண்ணீர் விஷயத்தில் தப்பு விடமாட்டார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பங்கு டெலிபோன். அவருக்கு ஹிந்தி தெரியாது. 'நஹி' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிவிடலாம் என்று நினைப்பவர். நான் இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர். அதனால் கோலாயத்தில் தர்மசாலா, பலோடியில் விடுதி, போகரணில் சைக்கிள் ரிப்பேர் கடை எல்லாவற்றுக்கும் நான்தான் பேசினேன். பேசப் பேச எனக்கு ஒரு ஆசை வளர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்த நான், ஹிந்தி பேசுகிற ஊரில் ஒரு டீ கூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. வடக்கே நான் போன தூரம் பெங்களூர், அதுவும் ஒரே ஒரு தடவை, நாத்தனார் பிரசவத்துக்கு. ஒரு கடை வாசலில் நின்று, என் வாயால் கேட்டு, அந்த ஊர்க்காரன் மறுபேச்சில்லாமல் ஒரு டீயை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

நானும் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னே? இரண்டு வருடம் ஒரு மனுஷர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேளு சூடா, அந்த ஊர்ல என்ன இருக்குன்னு கேளு சூடா" என்றால் என்ன அர்த்தம்? ஐம்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகினேன். என்னோடு வேலை பார்த்த பி.டி. டீச்சர் சபீனா, சங்குமுகம் கடற்கரை ரோட்டில் விடிகாலையில் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "கால் வையுங்க டீச்சரே, பேடிக்கண்டா, பயப்படாதீங்க" என்று அவள் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. முழங்கை இரண்டும் தோல் உரிந்தது. இப்போது வாரம் மூன்று நாள் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதைப் பார்த்து இவர், "கொலஸ்ட்ராலுக்கு ரொம்ப நல்லது" என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

விஷயம் வெளிவந்தது நவம்பர் கடைசியில். பலோடி விடுதிக்காரர் குரல் எனக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும், "உங்கள் ஹிந்தி எங்களுடையதை விடச் சுத்தமாக இருக்கிறதே மேடம்" என்பார். வந்தால் இஞ்சி தட்டிப் போட்டு டீ தருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ரூமை உறுதி செய்யப் பேசினேன். "எத்தனை பேர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பி, "ஏன்னா, எத்தனை பேருன்னு கேக்கறார்" என்றேன்.

அவர் மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. "ஒருத்தர்" என்றார்.

நான் ஹிந்தியில் ஒருத்தர் என்று சொன்னேன். நன்றி சொன்னேன். வைத்தேன். பிறகு மேஜைக்குப் போய், அந்தப் பதினாறு கோட்டு அட்டவணையை முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தண்ணீர், ஒரு நாளைக்கு ஆறு லிட்டர். கூடாரம் ஒன்று. கம்பளி ஒன்று. தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. இரண்டு வருடம் அந்த மேஜையைத் துடைத்தவள் நான். அதில் நான் எங்கேயும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். ரொம்பக் கோபம் வந்தால் நன்றாகச் சமைப்பேன். அன்றைக்கு ராத்திரி எரிசேரியும் மாங்காய்ப் பச்சடியும் செய்தேன். அவர் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு, "அமிர்தமாக்கும்" என்றார். சோபாவில் உட்கார்ந்து அந்த ஆள் விரலை நக்குவதைப் பார்த்தபோது, தட்டைப் பிடுங்கிக் கவிழ்க்கலாமா என்று கை துருதுருத்தது.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு ஏற்ற வேண்டும், அதை வீட்டு மனுஷாள்தான் ஏற்ற வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே மாமியார் சொன்ன முதல் விஷயம் இது. அவர் போய் ஒன்பது வருடமாயிற்று, சட்டம் மட்டும் போகவில்லை. ஒரு கல்யாணமென்றால் ஒருவர் போவோம், ஒருவர் விளக்குக்கு இருப்போம். விஷ்ணுப்ரியா கல்யாணத்தன்று இவர் மண்டபத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்து ஏற்றிவிட்டுத் திரும்பினார். மாமியார் இருந்தவரை அவரைத் தனியாக விட முடியாது, அப்புறம் விளக்கு. முப்பத்துமூன்று வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரி வெளியூரில் தங்கினதில்லை. ஆகவே யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அது யார் என்று இவர் யோசிக்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. வேண்டாமென்று முடிவு பண்ணியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அந்தக் கேள்வியே அவருக்கு எழவில்லை.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு ஒத்திகை என்று அறிவித்தார். அந்த எண்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை இங்கேயே ஓட்டிப் பார்ப்பது. நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி அடிவாரத்தில் கல்லாறு வரை போய்விட்டு அன்றைக்கே திரும்புவது, போக வரத் தொண்ணூறு. வழியில் எந்தக் கடையிலும் நிற்கக் கூடாது, யார் கொடுத்தாலும் எதையும் வாங்கக் கூடாது. பாலைவனத்தில் கடை ஏது? தண்ணீர், சாப்பாடு எல்லாம் முதுகில்.

"நானும் வரேன்" என்றேன்.

"கல்லாறு வரைக்குமா? ஏத்தமாக்கும்" என்றார். ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. "சாயங்காலம் அஞ்சுக்குள்ள திரும்பிடலாம். விளக்குக்கு ஒரு மணி நேரம் கையில இருக்கும்."

ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். அவர் பை இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் பாட்டில் ஆறு. ஒவ்வொன்றிலும் நூறு மில்லிக்கு ஒரு கோடு, அழியாத பேனாவால் போட்டது. பழக்கம் விடுமா?

"எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"பிளான்ல இருக்கறதெல்லாம் எடுத்தாச்சு" என்றேன்.

நெடுமங்காடு வரை நன்றாகத்தான் இருந்தது. குளிர்ந்த காற்று, ரோட்டில் பால் வண்டிகளும் சர்ச்சுக்குப் போகிறவர்களும்தான். ஆனால் பாலைவனத்துக்கு ஒத்திகை பார்க்க இந்த ஊரைப் போல மோசமான ஊர் உலகத்தில் கிடையாது. நூறு அடிக்கு ஒரு டீக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி. ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் ஏதாவது ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, "கொஞ்சம் வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க" என்கிறாள். நான் புன்னகை பண்ணிவிட்டு மிதித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் முன்னால் போய்க்கொண்டே இரண்டு தடவை பாட்டிலைத் தூக்கிக் குடித்தார். நான் குடிக்கவில்லை. நாலு மணி நேரம் ஒரு சொட்டு இல்லை.

விதுரைக்கு முன்னால் ரப்பர் மர நிழலில் நிறுத்தினார். என் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தார்.

"என்னது, மூஞ்சி இப்படிச் செவந்திருக்கு? தண்ணி குடி. பாட்டில் எங்கே?"

"இல்லை."

"இல்லைன்னா? மறந்துட்டியா?"

"மறக்கலை. பிளான்ல ஆறு லிட்டர்தானே போட்டிருக்கு. ஒருத்தருக்கு. நான் பிளான்ல இல்லையே, நேக்கு ஏது தண்ணி?"

ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. முப்பது வருடம் ஊருக்கே தண்ணீர் அளந்த மனுஷர், தன் கையில் இருந்த பாட்டிலைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றதைக்கூடத் துடைக்கவில்லை.

"பைத்தியமா நோக்கு? மயக்கம் போட்டு விழுந்திருந்தா? அதோ கடை, இரு, வாங்கிண்டு வரேன்."

"கடை கிடையாது. பாலைவனமாக்கும்" என்றேன். விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

பாட்டிலைத் திறந்து என் கையில் திணித்தார். அண்ணாந்து குடித்தேன். தண்ணீர் தொண்டையில் இறங்கினபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபத்தில்தான் என்று அவர் நினைக்கட்டும். குடித்துக் கொடுத்ததும், அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோட்டைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி குடித்த தண்ணீருக்கு அளவா! அப்புறம் ஒவ்வொரு தடவையும் இதேதான். நான் குடித்தால் கோட்டைப் பார்ப்பார், அவர் குடித்தால் கோட்டைப் பார்ப்பார். பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னவோ எழுதி உள்ளே வைத்துக்கொள்வார். தீர்ந்துபோகுமே என்று தவிக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லாற்றில் ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து புளியஞ்சாதம் சாப்பிட்டோம். காலை ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தனை தண்ணீர் ஓடுகிறது, அதைத் தொட்டுக் குடிக்கக் கூடாது என்று அவர் சட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பொன்முடிக்குப் போகிற குடும்பங்கள் பாறைக்குப் பாறை நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. ஆற்றைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"விளக்கு யார் ஏத்தறது, சூடா?"

"அதான் தெரியுமே. நான்தான். எப்பவும் நான்தான்."

"நீ வரணும்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேக்கலையே! ரெண்டு வருஷம் ஊர் ஊரா போன் பண்ணினேனே, அது யாருக்குன்னு நினைச்சேள்? முழங்கை தோலுரிஞ்சு நின்னேனே, கொலஸ்ட்ராலுக்கா? இருபத்தொம்பது வருஷம் ஹிந்தி சொல்லிக்கொடுத்திருக்கேன். ஒரு ஹிந்திக்காரன் கடையில நின்னு ஒரு டீ கேட்டு வாங்கிக் குடிக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அவ்வளவுதான். ஒரு டீ."

பக்கத்துப் பாறையிலிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே, "ஒருத்தர்னு சொன்னேளே, தலையைத் தூக்காம. அது எனக்கு எப்படி வலிச்சுது தெரியுமா?" என்றேன்.

அவர் காலை ஆற்றிலிருந்து எடுத்து, துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜாதி. பிறகு என் சைக்கிளின் டயரை அழுத்திப் பார்த்து, காற்று குறைந்திருக்கிறது என்று பம்பை எடுத்து அடித்தார்.

திரும்பும்போது வெயில். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் குடிக்க வேண்டியிருந்தது. நெடுமங்காட்டில் நாலு மணிக்குக் கடைசிப் பாட்டிலும் காலி. ஒருவருக்குப் போட்ட தண்ணீர் இரண்டு பேருக்கு அவ்வளவுதான் வரும். ஊர் தாண்டி ஒரு ஏற்றத்தில் எனக்கு இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளோடு ரோட்டோரப் புல்லில் சாய்ந்துவிட்டேன். "எந்து பற்றி சாரே, என்ன ஆச்சு?" என்று ஸ்கூட்டரில் போன ஒருவர் நிறுத்திக் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டு, இவர் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நீவினார், நடுரோட்டில், நாலு பேர் பார்க்க. பிறகு எழுந்து நேராக எதிர்க் கடைக்குப் போய், உப்புப் போட்ட நாரங்காவெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"பாலைவனத்துல கடையா?" என்றேன்.

"சும்மா குடி."

குடித்தேன். காலை மிதியில் வைத்தால் மறுபடி இழுத்தது. நடந்து தள்ளிக்கொண்டு போவதுதான் வழி. வெயில் இறங்கிவிட்டது. கரகுளம் வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு அடிக்கப் பத்து நிமிடம்.

"நீங்க முன்னாடி போங்கோ" என்றேன். "மிதிச்சா ஆறே முக்காலுக்குள்ள போயிடலாம். கொஞ்சம் தாமதமானாலும் விளக்கு விளக்குதான். நான் மெதுவா வரேன்."

முப்பத்துமூன்று வருடப் பழக்கத்தில் சொன்னேன், குத்திக்காட்டுவதற்காக இல்லை. அவர் சைக்கிளில் ஏறவும் ஏறினார். ஒரு கால் மிதியில், ஒரு கால் தரையில். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அந்த வளைவில் ஒரு கோயிலில் மணி அடித்தது, கடைகளில் டியூப்லைட் போட ஆரம்பித்தார்கள். பிறகு இறங்கினார். என் சைக்கிளையும் ஒரு கையால் வாங்கிக்கொண்டு, இரண்டையும் இரண்டு பக்கம் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"விளக்கு?" என்றேன்.

"இன்னிக்கு இல்லை" என்றார்.

நான் கூடவே நடந்தேன். ஒரு மைல் போனதும் கால் சரியாகி, ஏறி மெதுவாக மிதித்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார், ஒரு தடவைகூட முந்தவில்லை.

வீடு சேர ஏழே முக்கால். தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டாக நின்றது. அவர் பூட்டைத் திறந்தார். உள்ளே போனோம். பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, மேஜையில் ராஜஸ்தான் அப்படியே கிடந்தது, மாமியார் படத்தில் நேற்றைய பூ. ஒன்றும் ஆகவில்லை. நான் கால் கழுவிக்கொண்டு வந்து விளக்கை ஏற்றினேன். அவர் என் பின்னால் நின்று கும்பிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார் என்று தோன்றியது.

மறுநாள் காலை நான் எழுந்திருக்க நேரமாகிவிட்டது, உடம்பு முழுக்க வலி. சமையலறையில் காபி தயாராக இருந்தது. அவரைக் காணோம். ஜன்னலில் பார்த்தால் எதிர்வீட்டு வாசலில் நின்று ஸ்ரீலக்ஷ்மியிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்ரீலக்ஷ்மி பேங்கில் வேலை பார்க்கிறவள், ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். இவர் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எண்ணெய், திரி, எந்தப் பக்கம் முகம் என்றெல்லாம் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். மாமியார் சட்டத்தை இந்த மனுஷர் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் இன்னொரு கையில் கொடுக்கிறார்!

உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பலோடிக்காரருக்குப் போன் பண்ணணும்" என்றார். "ரெண்டு பேருன்னு சொல்லு."

பண்ணினேன். விடுதிக்காரர் சந்தோஷப்பட்டார். இஞ்சி டீயை வந்ததும் நான் ஞாபகப்படுத்த வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். நான் ரிசீவரை வைத்துவிட்டு, காபியோடு மேஜைக்குப் போனேன். அட்டவணையில் பழைய எண்கள் அடிக்கப்பட்டிருந்தன. கம்பளி இரண்டு. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு. கடைசியில் புதிதாக ஒரு கோடு, "விளக்கு: ஸ்ரீலக்ஷ்மி, மாலை ஆறு, பதினோரு நாள்." எல்லாம் சரி. முதல் கோட்டில்தான் கண் நின்றது. தண்ணீர், ஒரு நாளைக்குப் பதின்மூன்று லிட்டர்.

தண்ணீரில் தப்பு விடாத மனுஷர் என்று சொன்னேனே.

"ஏன்னா, ஆறும் ஆறும் பன்னெண்டு" என்றேன். "பதிமூணு போட்டிருக்கேள்."

"சரியாத்தான் போட்டிருக்கேன்." பாக்கெட்டிலிருந்து நேற்றைய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வியர்வையில் மசி பரவியிருந்தது. இரண்டு வரிசை, ஒன்றுக்கு மேல் 'நா', மற்றதற்கு மேல் 'சூ'. "விதுரையிலேர்ந்து நான் குடிச்சது ரெண்டு லிட்டர் இருநூறு. நீ குடிச்சது ரெண்டு லிட்டர் அறுநூறு. நேக்கு ஆறுன்னா, அந்த விகிதத்துக்கு நோக்கு ஏழு வரும். நீ என்னை விடத் தாகக்காரி, சூடா. முப்பத்துமூணு வருஷம் தெரியாம இருந்துட்டேன்."

நான் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கோட்டைப் பார்த்தபோதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் திட்டினதெல்லாம் ஞாபகம் வந்தது. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் அதட்டினேன்.

"ஆளுக்கு ஆறு சுமந்தாலே முதுகு போயிடும். அந்தக் கூடுதல் ஒரு லிட்டரை யார் சுமக்கறதாம்?"

"நான்தான்" என்றார். மேப்பை ஓரமாகச் சுருட்டினார், மேஜையில் இரண்டு தட்டு வைக்கிற அளவுக்கு இடம் பண்ணினார். "உக்காரு, இட்லி ஆறிப்போறது."